சக்கரத்தில் வைத்த பொட்டு

எனக்குக் கோவையாக எழுத வராது, அதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது படிக்கும்போதே பருத்திக் காட்டுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதினாலும், சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். "மனசுக்குள்ளயே போட்டு உருட்டிட்டு இருக்காதீங்க அத்த, எழுதிப் பாருங்க" என்று சொன்னவள் என் மருமகள். ஆனால் நான் எழுதப்போவதை அவளிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. என் மகன் மீசை முளைக்கிற வயதிலிருந்து லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்ட் வேலை பார்த்தவன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் வாசலுக்கு முன்னால் தகரம் போட்டு, கார் சக்கரங்களுக்கு மெருகு போடுகிற வேலையை ஆரம்பித்தான்.

அலாய் சக்கரம் என்கிறார்கள். அலுமினியத்தில் செய்தது. ரோட்டோரக் கல்லில் உரசினால் விளிம்பெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி ஆகிவிடும். உரசாவிட்டாலும் பிரேக் தூசியும் வெயிலும் சேர்ந்து மங்கிப்போய், கழுவினாலும் கழுவாத மாதிரியே நிற்கும். மகனும் மருமகளும் பழைய பூச்சை எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்ப்பார்கள். முதலில் சொரசொரப்பான தாள், போகப் போக நைசான தாள். பிறகு துணிச் சக்கரம் சுற்றுகிற மெஷினில் கட்டிச் சோப்பு மாதிரி ஒன்றைத் தடவி, அதில் பிடிப்பார்கள். அப்போது கரி மாதிரி ஒரு அழுக்கு கக்கிக்கொண்டு வரும். அதைத் துடைப்பதுதான் என் வேலை. மைதா மாவைத் தூவி, பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பெல்லாம் மாவோடு வந்துவிடும். அடியில் இருந்து ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே நான் துடைக்கப் போவேன். குனிந்தால் என் முகம் அதில் வளைந்து தெரியும். நெற்றி மட்டும் அகலமாக, வெறுமையாகத் தெரியும்.

நான் வெள்ளைச் சீலைக்காரி. என் வயதுக்காரிகள் சிலர் இப்போது கலர்ச் சீலைக்கு மாறிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. அவர் போன பிறகு நல்ல காரியங்களில் நான் பின்கட்டில் பாத்திரத்தோடு இருந்துகொள்வேன். யாரும் போ என்று சொன்னதில்லை. நானே போய்விடுவேன். ஆரத்தி கரைக்கிற தட்டைக்கூட அலம்பி, தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

துடைத்து முடித்த பிறகு சக்கரத்துக்குக் கடைசியாக லாக்கர் அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் மாதிரி அது மேலே படிந்துகொள்ளும். அது அடிக்கிற வரைக்கும் அலுமினியம் அம்மணமாக நிற்கிறது என்று மகன் சொல்வான். இதை நான் எத்தனையோ தடவை காதால் கேட்டவள்.

பட்டறை ஆரம்பித்ததிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்கள் ஒற்றைச் சக்கரமாக, ஓரம் உரசினதாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். ஒரு காருக்கு முழுசாக நாலு சக்கரம் வந்தது சேலம் அஸ்தம்பட்டிக்காரர் ஒருவரிடமிருந்துதான். அவருடைய மகளுக்கு நாமக்கல்லில் கல்யாணம். பொண்ணு இறங்கப்போவது அவர்கள் வீட்டுப் பழைய காரிலிருந்து. "புதுக் காருக்கு வழியில்லைங்க தம்பி. சக்கரமாச்சும் புதுசாட்டம் இருக்கட்டும். மாப்ள ஊட்டுக்காரங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்க" என்றார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர். சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காரை முட்டுக்கட்டையில் நிறுத்திவிட்டுப் போனார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மறுநாள் விடியக் கல்யாணம்.

வெள்ளிக்கிழமை பொழுது இறங்குகிற நேரத்துக்கு நாலு சக்கரமும் மெருகாகி, சாக்குமேல் சாய்ந்து நின்றன. காலையில் வெயில் ஏறும்போது லாக்கர் அடித்தால் நன்றாகக் காயும் என்று சொல்லிவிட்டு, மகன் லாக்கர் டப்பா வாங்கச் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மருமகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தச் சக்கரங்களைப் பார்த்தபடி நின்றாள்.

"மொத மொதல்ல நாலு சக்கரம் முழுசா முடிச்சிருக்கோம் அத்த. வெள்ளிக்கெழம வேற. ஆரத்தி எடுத்து பொட்டு வெச்சிரலாம். எனக்குத்தான் இப்ப ஆகாது."

அவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இழுக்காது. அவள் மூன்று நாளாக வீட்டுக்குத் தூரம். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சோலி பார்க்கலாம், விளக்கும் ஆரத்தியும் தொடக்கூடாது.

"நங்கையாளக் கூப்புடட்டுமா சாமி?" என்று கேட்டேன். நங்கையாள் என்றால் என் வீட்டுக்காரருடைய அக்காள். பக்கத்து வீடுதான். இந்த வயதிலும் பூவும் பொட்டுமாக இருக்கிற மகராசி.

"அவங்க வந்தா ஆரத்தி எடுக்கறதுக்கு முன்னாடி பட்டறைய ஒரு சுத்து குத்தம் சொல்லுவாங்க. நீங்களே எடுங்க."

"நானா."

"ஏன், தெனம் நீங்கதான் தொடைக்கிறீங்க. தொடைக்கறப்ப ஒண்ணும் ஆகல, பொட்டு வெச்சா மட்டும் ஆயிருமா?"

அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதும் முழு நிஜம் இல்லை. பதில் தேட நான் விரும்பவில்லை. அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் மஞ்சள் டப்பாவைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தேன். சுண்ணாம்பு நான் வெற்றிலைக்கு வைத்திருந்ததுதான். ஆரத்திக்குச் சுண்ணாம்பு நகக்கண் அளவு போதும். ஆனால் எனக்குக் கை மறந்துபோயிருந்தது. கொஞ்சம் போட்டால் ஆரஞ்சுச் சுளை நிறத்தில் நின்றது. எனக்கு அது பற்றவில்லை. கல்யாணத்தில் எனக்குச் சுற்றினார்களே, அந்தச் சிவப்பு வர வேண்டும் என்று இன்னும் போட்டேன், இன்னும் போட்டேன். கடைசியில் கூழ் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் நிறம் ரத்தச் சிவப்பு.

மூன்று சுற்றுச் சுற்றினேன். பாட்டுப் பாடவில்லை, அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. பிறகு விரலால் தொட்டுப் பொட்டு வைத்தேன். நடுவில் ஒன்று வைத்தால் போதும். நான் ஒவ்வொரு ஆரக்காலுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். விளிம்பிலும் வைத்தேன். மிச்சத் தண்ணீரைச் சக்கரங்களுக்கு முன்னால் தரையில் ஊற்றும்போது தட்டு சரிந்து, பாதித் தண்ணீர் சக்கரங்கள் மேலேயே விழுந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன்.

"தொடைக்காதீங்க அத்த. செவப்பா மங்களமா இருக்கு. காலைல அவரு பாக்கட்டும்" என்றாள் மருமகள். மேலே பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிட்டோம்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வேண்டும். நடந்ததில் எனக்கு ரொம்பக் கூச்சமான இடமே அதுதான். சோறு போடும்போதும் விரலைப் பார்த்துக்கொண்டேன். நகத்துக்குள் சிவப்பு இருந்தது. கழுவினேன், ஆனால் அழுத்திக் கழுவவில்லை.

காலையில் மகன் வேட்டியை எடுத்தான். சிவப்பெல்லாம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. முதலில் அவன் சிரித்தான். "ஆரத்தியெல்லாம் பலமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே குழாய்த் தண்ணீரைப் பிடித்தான். சிவப்பு கரைந்து ஓடியது. பொட்டு இருந்த இடமெல்லாம் சாம்பலாக நின்றது. துணியால் துடைத்தான். போகவில்லை. கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தான். போகவில்லை. தண்ணீர் வழிந்த இடத்தில் கோடு கோடாக மங்கியிருந்தது. நாலு சக்கரமும் அம்மை வார்த்து எழுந்த முகம் மாதிரி இருந்தன.

நங்கையாள் அந்த நேரத்தில்தான் பால் போசியோடு வருவாள். அன்றைக்கும் வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள்.

"ஆரு ஆரத்தி எடுத்தது?"

அவள் கண் என் கைக்கு வந்தது. நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

"பொண்ணு எறங்கப்போற வண்டி. அதுல போயி நீ கை வெக்கலாமா? மருமவ ஆத்தூர்க்காரி, அவளுக்குத் தெரியாது. நீ இந்த ஊட்டுல பொழச்சவதான?"

"சுண்ணாம்பு பெரிம்மா. அலுமினியத்த அரிச்சிருக்கு" என்றாள் மருமகள்.

"நானும் கலியாணம் ஆயி வந்த நாள்ல இருந்து லாரிக்கு ஆரத்தி எடுக்கறேன். எந்தச் சக்கரம் அரிச்சுது?"

"லாரிச் சக்கரம் இரும்பு. பெயிண்டும் அடிச்சிருக்கும்."

"ஆமாமா. நீ இஞ்சினியரு. நாங்க பால் கறக்கறவிய."

மகன் இரண்டு பேருக்கும் நடுவில் வரவில்லை. என்னைப் பார்த்து, "சுண்ணாம்பு எத்தன போட்டீங்கம்மா?" என்று மட்டும் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. இவ்வளவு என்று கையைக் காட்டியிருக்கலாம். முந்தானைக்குள் இருந்த கையை என்னால் வெளியே எடுக்க முடியவில்லை.

அப்போது பார்த்து அஸ்தம்பட்டிக்காரரிடமிருந்து போன் வந்தது. "கரண்டு போயிருச்சுங்க. பொழுதோட வாங்க, முடிச்சு மாட்டி வெச்சர்றனுங்க" என்றான் மகன். அவன் சொல்லும்போதே தலைக்குமேல் பேன் சுற்றிக்கொண்டிருந்தது. வாடிக்கைக்காரர்களிடம் பொய் சொல்லாதவன் என்று அவனைப் பற்றி நானே ஊரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எனக்காக ஒரு பொய் சொன்னான். நான் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுபடியும் உப்புத்தாளில் ஆரம்பித்தார்கள். ஒரு பொட்டைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பள்ளமாகத் தெரியும் என்று முழுச் சக்கரத்தையும் தேய்க்க வேண்டியிருந்தது. மருமகளுக்கு வயிற்று வலி. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தேய்த்தாள். மெஷின் ஓடுகிற சத்தம் வந்ததும், இனிமேல் துடைக்க ஆள் வேண்டுமே என்று எனக்குத் தெரிந்தது. நான் அசையவில்லை.

மருமகள் மைதா டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தாள்.

"வாங்க அத்த."

"வேண்டாஞ் சாமி. நா தொட்டது போதும்."

"நீங்க தொடைக்கலைனா நான்தான் தொடைக்கணும். நான் தொடைச்சா தேய்க்கறது யாரு?"

"நங்கையாளக் கூப்புடு."

"கூப்பிட்டேன். மாவு வீணாப்போகுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

மெஷினை நிறுத்தாமலேயே மகன் கத்தினான். "அம்மா, நேரமில்லீங்."

போனேன். போனேன் என்று பெருமையாகச் சொல்லவில்லை. துணியை நாலாக மடித்து, அதையும் மடித்து, என் தோல் எங்கேயும் சக்கரத்தில் பட்டுவிடாதபடி பிடித்துக்கொண்டு துடைத்தேன். அவ்வளவு தடிப்பான துணியில் மூலை முடுக்கெல்லாம் அழுக்கு போகாது. மருமகள் பின்னாலேயே வந்து, நான் விட்ட இடங்களைத் தன் விரலால் துடைத்தாள். நான் செய்வது அவளுக்குத் தெரிந்தது. மகனுக்கும் தெரிந்திருக்கும்.

மூன்று சக்கரத்துக்கு லாக்கர் அடித்து வெயிலில் வைத்தாயிற்று. நாலாவது இன்னும் சாம்பல் திட்டோடு கிடந்தது. பொழுதோடு வரச் சொன்ன அஸ்தம்பட்டிக்காரர் மனசு கேட்காமல் முன்னாடியே வந்துவிட்டார்.

"கரண்டு வந்துருச்சாட்டம் இருக்குது" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், நாலாவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது என்னங்க தம்பி?"

மகன் வாயைத் திறந்தான். என்ன சொல்லியிருப்பானோ. மருமகள் முந்திக்கொண்டாள்.

"ஆரத்தி எடுத்ததுங்க. எங்க அத்த எடுத்தாங்க. சுண்ணாம்பு கூடிப்போச்சு, கறை புடிச்சிருச்சு. மூணு சரி பண்ணியாச்சு, இதுவும் ஆயிரும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் சீலையைப் பார்த்தார் என்றுதான் எழுத வேண்டும். மாவும் கரியுமாக இருந்தாலும் அது வெள்ளை என்று தெரியாமலா போகும். சிரிப்பு போய்விட்டது. திட்டவில்லை. ஒரு வார்த்தை முகம் கோணிப் பேசவில்லை. சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, அதனோடு பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"எதுக்கும், மாட்டின பொறகு, சுமங்கலி ஆராச்சும் ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுறட்டும். அது போதும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அழுகையாவது வந்திருக்கும்.

நங்கையாள் குளித்து, பட்டுச் சீலை கட்டி வந்தாள். நாலு சக்கரமும் மாட்டி, கார் ஜொலித்துக்கொண்டு நின்றது. ஒரு சக்கரத்திலும் நேற்றைய சுவடு இல்லை. அவள் பழத்தைச் சுற்றி, அரிந்து, குங்குமம் தடவிச் சக்கரத்துக்குமேல் பிழிந்துவிட்டாள். சாறு வழிந்து கீழே போயிற்று. சக்கரம் அப்படியே இருந்தது.

"பாத்தியா" என்று என்னை அல்ல, மருமகளைப் பார்த்துச் சொன்னாள். "எலுமிச்சைப் புளிப்பு பித்தளையவே உரிக்கும். இப்ப ஒண்ணு ஆச்சா?"

"லாக்கர் அடிச்சாச்சுங்க அத்தை" என்றான் மகன்.

"என்னமோ அடிச்ச. அது கெடக்குது."

கார் போய்விட்டது. போகும்போது அவர் மகனுடைய தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார். கல்யாணம் நன்றாக நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் நான் போகவில்லை. மருமகள் கூப்பிடுவாள். மூட்டு வலி என்பேன். அவளே தேய்த்து அவளே துடைக்கிறாள். கை விரல் இடுக்கெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. தட்டு வைக்கும்போது பார்க்கிறேன். பார்த்துவிட்டும் போகாமல் இருக்கிறேன்.

சில நாள் கழித்து, அவர்கள் இரண்டு பேரும் சொந்தத்தில் ஒரு உறம்பரை வீட்டுக் காரியத்துக்குப் போயிருந்தபோது, அடுக்களையில் ஓட்டை விழுந்து ஒதுக்கிப் போட்டிருந்த அலுமினியப் போசியின் மூடியை எடுத்தேன். மைதா போட்டு நன்றாகத் துடைத்தேன். ஒரு பக்கம் வெறும் மஞ்சளைக் குழைத்து வைத்தேன். ஒரு பக்கம் வெறும் சுண்ணாம்பு. ஒரு பக்கம் இரண்டும் கலந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன், நங்கையாள் கண்ணில் படக்கூடாது என்று. மறுநாள் எடுத்துக் கழுவினேன். மஞ்சள் வைத்த இடம் சுத்தமாக இருந்தது. சுண்ணாம்பு வைத்த இடமும், கலந்து வைத்த இடமும் அதே சாம்பல்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுண்ணாம்புதான் என்று மருமகள் சொன்னது சரி. நான் இல்லை. பட்டறைக்கு எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மூடியில் சுண்ணாம்பு வைத்ததும் இதே கைதானே. மஞ்சள் ஏன் கறுக்கவில்லை என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆனால் அப்படிக் கேட்டு என் மனசு அடங்கவில்லை.

மருமகளை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அவள் வைத்து, ஒன்றும் ஆகாமல் பளபளவென்று இருந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு இந்த வீட்டில் நடமாடுவது? இல்லை, அவளுக்கும் கறுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இதைப் போயி சந்தேகப்பட்டீங்களா அத்த" என்று அவள் கேட்பாள். அதையும் என்னால் தாங்க முடியாது. அதனால்தான் முகம் தெரியாதவர்களிடம் கேட்கிறேன்.

உப்புத்தாள், லாக்கர் பற்றி நான் எழுதினதில் தப்பு இருக்கலாம். தொழில் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அது பெரிதில்லை. இதைப் படிக்கிறவர்களில் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிற ஒரு அம்மா, தன் வீட்டு அலுமினிய மூடியை நன்றாகத் துலக்கி, தன் கையாலேயே ஒரு பொட்டு சுண்ணாம்பு வைத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் வைத்து மறுநாள் காலையில் கழுவினால் போதும். சுண்ணாம்பு கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும், நான் வைத்த மாதிரி. கறுத்ததா இல்லையா என்று, எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.